தாய்மாமன் சீரும் ஒரு கிராபிக்ஸ் கார்டும்

சுருளிப்பட்டி மொக்கைச்சாமிக்கு வாய்தான் எதிரி. திராட்சை விவசாயத்தில் கெட்டிக்காரர், பேரத்தில் படு கெட்டிக்காரர். ஆனால் நாலு பேர் கூடிவிட்ட இடத்தில் அவருடைய வாய் அவர் பேச்சைக் கேட்காது. அக்கா மகள் ஜோதிகாவின் நிச்சயதார்த்தத்தில், பந்தல் நிறையச் சனம் இருக்கும்போது, யாரும் கேட்காமலே எழுந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"எங்க அக்கா மகளுக்குத் தாய்மாமன் சீரா என்ன வேணும்னு அவளே வாயத் தொறந்து கேக்கட்டும். எதைக் கேட்டாலும் கல்யாணத்தன்னைக்கு இந்த மொக்கைச்சாமி கொண்டாந்து எறக்குவான்!"

இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. ஜோதிகா வயசுக்கு வந்த சடங்கு சமயத்தில் திராட்சை விலை விழுந்து கிடந்தது. மொக்கைச்சாமி ஒரு பித்தளை அண்டாவோடு நிறுத்திக்கொண்டார். அக்கா வீட்டுக்காரரின் பங்காளி ஒச்சாண்டி, இதே போல ஒரு மைக்கில், "தாய்மாமன் அண்டா வந்துருக்கு. ஓட்டை கீட்டை இருக்கான்னு தண்ணி ஊத்திப் பாத்துக்கங்கப்பா" என்று சொல்ல, பந்தலே சிரித்தது. பத்து வருடம் ஆகியும் அந்தச் சிரிப்பு மொக்கைச்சாமியின் காதை விட்டுப் போகவில்லை. இந்தத் தடவை ஒச்சாண்டி வாயை அடைத்தே தீருவது என்று கங்கணம் கட்டியிருந்தார்.

ஜோதிகா தேனியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவள். வேலை விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டை விளையாடுவாள். அவளோடு சேர்ந்து சுடுகிற கூட்டாளிகள் மதுரையில் ஒருத்தி, கோழிக்கோட்டில் ஒருத்தி, துபாயில் ரெண்டு பேர். அவள் மாமன் காதருகில் குனிந்து, "கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு வாங்கித் தாங்க மாமா" என்றாள்.

கார்டு என்றதும் சட்டைப் பையில் அடங்குகிற ஏதோ என்று மொக்கைச்சாமி நினைத்துக்கொண்டார். "அம்புட்டுத்தானா? ரெண்டா வாங்கிட்டு வாரேன்!" என்று மைக்கிலேயே முழங்கினார்.

ஜோதிகா பதறிப்போனாள். "ஒண்ணு போதும் மாமா. ஒண்ணே கெடைக்க மாட்டேங்குது. ரெண்டு வருசமா சம்பளத்துல மிச்சம் பிடிக்கிறேன். நான் எட்டிப் பிடிக்கப் போறப்ப எல்லாம் அது ஒரு படி மேல ஏறிக்கிருது. அது இல்லாம என் கம்ப்யூட்டர்ல புது கேம் திக்கித் திக்கித்தான் ஓடும். நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள சுட்டுப் போட்டுட்டுப் போயிர்றாக. இப்ப டீம்லயும் என்னைய வெளிய உக்கார வச்சுட்டாளுக."

சுடப்பட்ட செய்தி அவருக்குச் சரியாக விளங்கவில்லை. வெளியே உட்கார வைத்த செய்தி நன்றாக விளங்கியது. அக்கா மகளை ஒருத்தி வெளியே உட்கார வைப்பதா? அன்றைக்கே மீசையில் கை வைத்தார்.

மறுநாள் தேனிக்குப் போய் ராஜா முகம்மதுவின் கம்ப்யூட்டர் கடையில் நின்றபோதுதான் ஆழம் தெரிந்தது. கார்டு என்பது சட்டைப் பை சாமான் இல்லை. மூன்று காற்றாடி வைத்த, செங்கலை விடப் பெரிய சாமான். விலையைக் கேட்டதும் மொக்கைச்சாமி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு ஒரு பவுன் என்ன விலையோ, கிட்டத்தட்ட அந்த விலை.

"சரி பாய், குடுங்க" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரக்கு இல்லண்ணே."

"எப்ப வரும்?"

"சொல்ல முடியாது. வர்றப்ப இந்த வெலைக்குக் கெடைக்கும்னும் சொல்ல முடியாது."

நாற்பது வருடம் மண்டியில் புழங்கிய மனிதர் அல்லவா? சரக்கு இல்லை, விலை தெரியாது என்று ஒரு வியாபாரி சொன்னால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவருக்குத் தெரியும். நேராகக் கடையின் பின்கட்டுக்குப் போய், அடுக்கியிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். எல்லாம் காலி அட்டைப் பெட்டி. ஒன்றுக்குள் பூனை குட்டி போட்டிருந்தது.

ராஜா முகம்மது கோபப்படவில்லை; இப்படித் தேடிப் பார்த்த ஆட்களில் மொக்கைச்சாமி முதல் ஆள் இல்லை போலிருக்கிறது. டீ வரவழைத்துக் கொடுத்து விளக்கினார்.

"அண்ணே, பதுக்கல் இங்கன இல்ல. இந்தக் கார்டுக்குள்ள இருக்குற சிப்பு இருக்கே, அதைச் செய்யத் தெரிஞ்ச ஃபேக்டரி உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற அளவுதான். முன்னாடி கேம் வெளையாடுற புள்ளைகளுக்குச் செஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தாக. இப்ப போன்ல கேள்வி கேட்டா மனுசன் கணக்காப் பதில் சொல்லுதுல்ல, அந்தக் கம்பெனிக்காரக வந்து, ஃபேக்டரியில என்ன வெளைஞ்சாலும் எங்களுக்கே குடுன்னு மொத்தமா அட்வான்ஸ் போட்டுட்டாக."

"தோட்டத்தோட பேசிட்டாகன்னு சொல்லுங்க."

"அதேதான்! பூ எறங்கும்போதே தோட்டத்தோட பேசியாச்சு. பெருங்கொண்ட கொட்டகை போட்டு, லட்சக்கணக்குல அடுக்கி வச்சு ஓட்டுறாக. சில்லறைக்கு நிக்கிற நம்மளுக்கு உதிரிதான் மிச்சம். அந்த உதிரிக்கும் அடிதடி."

மொக்கைச்சாமிக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "பாய், நான்கூட போன்ல சாம்பல் நோய்க்கு என்ன மருந்து அடிக்கன்னு தெனமும் கேக்குறேனே. அதுக்குப் பதில் சொல்லுறது?"

"அதுவும் அந்தக் கொட்டகையிலதான் ஓடுது."

மொக்கைச்சாமியின் முகம் செத்துவிட்டது. ஜோதிகாவுக்கு வர வேண்டிய கார்டை வைத்துக்கொண்டு தனக்கே ஒருத்தன் மருந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்! அன்றிலிருந்து போனிடம் கேள்வி கேட்பதை நிறுத்தினார். தான் நிறுத்தினால் உலகத்தில் ஒரு கார்டாவது ஓய்ந்து வெளியே வரும் என்று உண்மையாகவே நம்பினார். கார்டு வரவில்லை. திராட்சைக்குச் சாம்பல் நோய்தான் வந்தது.

பிறகு அவர் தனக்குத் தெரிந்த முறைக்குப் போனார். மண்டியில் நல்ல விலை வேண்டுமென்றால் லாரி வரும்போது ஆள் அங்கே நிற்க வேண்டும். எனவே கடை திறக்கும் நேரத்துக்கு ராஜா முகம்மதுவின் கடைக்குப் போய் அதே ஸ்டூலில் உட்கார ஆரம்பித்தார். பார்சல் வண்டி எதிர் வரிசையில் நின்றாலே எழுந்து ஓடினார். கார்டு கேட்டு வந்த கல்லூரிப் பையன்களிடம், "அடுத்து வர்றது எனக்கு. அதுக்கடுத்து வந்தாப் பாருங்க, போங்க" என்று கடைக்காரரை முந்திக்கொண்டு பதில் சொன்னார். வாரத்துக்கு வாரம் விலை ஏறியது. "இந்த ஆளு உக்காந்த நேரம்தான் வெலை ஏறுதோ" என்று ராஜா முகம்மது தன் பையன்களிடம் முனகினார்.

விலை ஏற ஏற, கைப்பணம் போதவில்லை. கேரளாவிலிருந்து ஒரு வியாபாரி வந்தான். தோட்டத்துப் பழம் முழுவதையும் பழுக்கும் முன்பே பேசி, ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்தான். மொக்கைச்சாமி வாங்கிக்கொண்டார். வழக்கமாக அவரிடம் நாலு கூடைப் பழம் எடுத்து கம்பம் பஸ் ஸ்டாண்டில் விற்கும் ஷரீபா, விஷயம் கேள்விப்பட்டு வாசலில் வந்து நின்றாள்.

"என்னண்ணே, மொத்தமாக் குடுத்துட்டீகளாமே? காச்சக்காரக, பிள்ளத்தாச்சிக, அரைக்கிலோ பழம் கேட்டு வர்றவுகளுக்கு நான் என்னத்தக் குடுக்க? பெரிய யாவாரி வந்துட்டா சின்ன ஆளுக கண்ணுக்குத் தெரிய மாட்டாகளோ?"

மொக்கைச்சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தக் கொட்டகைக்காரர்களைப் பற்றி ராஜா முகம்மதுவின் கடையில் உட்கார்ந்து தான் திட்டிய திட்டுகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு வைத்திருந்த ஒரு கூடையைத் தூக்கி அவளிடம் கொடுத்து அனுப்பினார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் கார்டு வந்தது. ஒன்றே ஒன்று. விலை பவுனைத் தாண்டியிருந்தது. "கொஞ்சம் பாத்துப் போடுங்க பாய்" என்று கேட்கக்கூட மொக்கைச்சாமிக்குத் தைரியம் வரவில்லை. பேசினால் பின்னால் நிற்கிற பையன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவர் வாழ்க்கையில் பேரம் பேசாமல் வாங்கிய முதல் பொருள் அதுதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கம்பம் பஸ்ஸில் வந்தார். கூட்டத்தில் ஒரு பெண் தன் கைப்பிள்ளையைக் கொஞ்சம் வைத்திருக்கச் சொன்னபோது, மடியில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

கல்யாணத்தன்று சீர் கிளம்பியது. முன்னால் மேளம், அடுத்து இருபது தட்டு பழம், தேங்காய், பட்டுச் சேலை, எல்லாவற்றுக்கும் நடுவில் மொக்கைச்சாமியின் தலையில் ஒரு பெரிய தாம்பாளம், அதில் அந்தப் பெட்டி. பெட்டியைப் பிரித்து, கார்டுக்கே சந்தனம் குங்குமம் வைக்கணும் என்று அவர் மனைவி முனீஸ்வரி ஒற்றைக் காலில் நின்றாள். ஜோதிகா மணமேடைக்குப் போகிற அவசரத்திலும் போன் போட்டு, "அத்தை, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், பெட்டியத் தொறக்காதீக" என்று கெஞ்சியதால் சந்தனம் அட்டைப் பெட்டியோடு நின்றது.

மண்டபத்தில் ஒச்சாண்டி மைக்கோடு காத்துக்கொண்டிருந்தார்.

"தாய்மாமன் சீரு வருது! என்னமோ காத்தாடிப் பெட்டியாம்ப்பா. கரண்ட் இல்லாட்டியும் சுத்துமான்னு கேட்டுக்கங்க!"

சிரிப்பு கிளம்பியது. மொக்கைச்சாமி அதற்காகவே காத்திருந்தவர் போலத் தாம்பாளத்தை இறக்கி வைத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

"மச்சான், இது என்ன வெலைன்னு தெரியுமா? இன்னைக்கு ஒரு பவுன் என்ன வெலையோ, அதுக்கு மேல! தங்கமாச்சும் நகைக்கடையில போயி நின்னா கெடைக்கும். இது தேனி ஜில்லாவுலயே கெடைக்கல. மாசாமாசம் வெலை ஏறிக்கிட்டே போகுது. இப்ப வாங்கி வச்சவன் புத்திசாலி! எங்க அக்கா மகளுக்குத் தங்கத்த விட ஒசத்தியா இந்த மொக்கைச்சாமி கொண்டாந்துருக்கான்!"

மண்டபத்தில் அந்த விலை வாய்க்கு வாய் போனது. அப்புறம் கைதட்டல். வயசான பெண்கள் வந்து பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒச்சாண்டி பந்திக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை வேல்பாண்டியின் அம்மா வேலுத்தாய் மட்டும் கைதட்டவில்லை. மைக்கில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மொக்கைச்சாமி அன்றைக்குத் தூங்கிய தூக்கம் மாதிரி பத்து வருடத்தில் தூங்கியதில்லை.

ஒரு மாதம் கழித்து மாப்பிள்ளை வீட்டில் கறிவிருந்து. கூடலூரில் உரக்கடை வைத்திருக்கும் குடும்பம், வசதிக்குக் குறைவில்லை. பெண் வீட்டார் எல்லோரும் வேன் பிடித்துப் போனார்கள். ஒச்சாண்டியும் வந்தார்; கறிவிருந்து என்றால் அவருக்கு யார் மேலும் கோபம் இருக்காது.

மொக்கைச்சாமி கை கழுவுகிற சாக்கில் ஜோதிகாவின் அறையை எட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் இருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி போட்ட பெட்டி. உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. நடுவில் மட்டும் செங்கல் அளவுக்கு ஓர் இடம் காலியாகக் கிடந்தது.

"எங்கத்தா நம்ம கார்டு?" என்றார் உள்ளே இருந்த ஜோதிகாவிடம்.

ஜோதிகா கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "லாக்கர்ல இருக்கு மாமா" என்றாள்.

"எந்த லாக்கர்ல?"

"பேங்க் லாக்கர்ல. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே எங்க மாமியா நகையோட சேத்து வச்சுட்டு வந்துட்டாக."

மொக்கைச்சாமி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"கேட்டு வாங்க வேண்டியதுதான?"

"புதுசா வந்த வீட்டுல எப்படி மாமா கேக்குறது? நகையக் கேட்டாக்கூட விசேசம்னு நெனப்பாக. இதை வெளையாடக் கேட்டா என்ன நெனப்பாக? அவர்கிட்டச் சொன்னேன். அம்மாகிட்ட எப்படிப் பேசன்னு அவரும் முழிக்கிறாரு. பரவால்ல மாமா. டீம்ல என் எடத்துக்கு வேற ஆளு எடுக்கப் போறோம்னு சொல்லிட்டாளுக. இந்த மாசம் வரைக்கும் பொறுத்துப் பாப்பாளுகளாம்."

பரவாயில்லை என்று சொல்கிற பிள்ளையின் முகத்தை மொக்கைச்சாமி பார்த்தார். அந்த முகத்தை அவருக்குப் பிடிக்கவில்லை.

பந்தியில் உட்கார்ந்ததும் வேலுத்தாயே பேச்சை எடுத்தாள். "சம்பந்தி, நீங்க குடுத்த சீரு பத்திரமா இருக்கு, கவலப்படாதீக. மாசாமாசம் வெலை ஏறுதுன்னு நீங்கதான மைக்குல சொன்னீக. அம்புட்டு வெலையுள்ள பொருள வீட்டுல வச்சுப் பொழங்குனா தேஞ்சுறாதா? நான் உசுரோட இருக்குற வரைக்கும் அதைத் தொட விட மாட்டேன். நாளைக்குப் பேத்தி பொறந்தா அது கல்யாணத்துக்கு ஆகும்."

அவள் மேல் தப்பே இல்லை. விலை ஏறுகிற பொருளை எந்தப் புத்திசாலியும் அப்படித்தான் வைப்பான். விலை ஏறும் என்று சொன்னதும் மொக்கைச்சாமிதான். அன்றைக்கு மைக்கைப் பிடித்தது அக்கா மகளுக்காக என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தார். அது ஒச்சாண்டிக்காகப் பிடித்த மைக் என்பது இப்போதுதான், இலையில் சோறு விழும்போது, உறைத்தது. வாரக்கணக்கில் ஸ்டூலில் உட்கார்ந்து வாங்கிய பொருளைத் தன் வாயாலேயே பூட்டிச் சாவியைச் சம்பந்தி இடுப்பில் சொருகிவிட்டிருக்கிறார். வெட்கமாக இருந்தது.

பூட்டை எடுக்க ஒரு வழிதான் இருந்தது. ஆனால் எதிர் இலையில் ஒச்சாண்டி உட்கார்ந்திருந்தார். மொக்கைச்சாமி இரண்டு வாய் சோற்றை முழுங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகு ஒரு மைக் இருந்தால் எவ்வளவு சத்தம் வருமோ அவ்வளவு சத்தமாகவே சொன்னார்.

"சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணச் சொல்லணும். அன்னைக்கு மைக்குல நான் சொன்ன வெலை பொய்யி."

பந்தியில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"அது புதுசு இல்ல. எவனோ ஓட்டிக் கழிச்ச பழைய சரக்கு. கால் வெலைக்குப் பிடிச்சேன். சபையில கௌரவமா இருக்கட்டும்னு ஏத்திச் சொல்லிட்டேன். வெலை ஏறுறதெல்லாம் புதுசுக்குத்தான். இது நாளுக்கு நாள் எறங்கும். அடுத்த வருசம் வேற மாடல் வந்துருச்சுன்னா பழைய இரும்புக்கடைக்காரன்கூட எடுக்க மாட்டான்."

பரிமாறிக்கொண்டிருந்த ஜோதிகா கரண்டியோடு அப்படியே நின்றாள். கார்டுக்குக் கடையில் போட்ட பில் அவளிடம்தான் இருந்தது. "மாமா, அந்த பில்லு..." என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு தாயி. ஓங்கிட்டக் குடுத்த பில்லும் அப்படித்தான்" என்று வெட்டினார் மொக்கைச்சாமி.

ஒச்சாண்டிக்கு வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த சந்தோஷம். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "நான் அன்னைக்கே நெனச்சேன் மாப்ள! தங்கத்த விட ஒசத்தியாம்ல! எச்சிச் சரக்கத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு, மேளம் வேற!" வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. நாளைக்குக் காலையில் கம்பத்து டீக்கடை வரை இது போகும். சாயங்காலத்துக்குள் சுருளிப்பட்டிக்கு வந்துவிடும். மொக்கைச்சாமிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

வேலுத்தாயின் முகம் சுருங்கிவிட்டது. "அடப்பாவமே. இதுக்கா நான் லாக்கர்ல எடத்த அடைச்சு வச்சேன்? என் காசுமாலைய மடக்கி மடக்கிச் சொருகிட்டு வந்தேனே!" என்றவள் மகன் பக்கம் திரும்பினாள். "ஏலே வேல்பாண்டி, திங்கக்கெழமை போயி அதை எடுத்துட்டு வந்துரு. அந்தப் புள்ள கம்ப்யூட்டர்லயே மாட்டிக்கிரட்டும். வெலை போறதுக்குள்ள வெளையாடியாச்சும் தீக்கட்டும்."

"சரிம்மா" என்றான் வேல்பாண்டி. அவன் மொக்கைச்சாமியைப் பார்த்த பார்வையில், அவனுக்கும் பில்லைப் பற்றித் தெரியும் என்பது தெரிந்தது.

ஜோதிகா அடுக்களைக்குள் போனாள். வரும்போது கையில் ஒரு சின்னக் கிண்ணம். மாப்பிள்ளைக்கென்று வேலுத்தாய் தனியாக எடுத்து மூடி வைத்திருந்த நல்லி எலும்பு அதில் இருந்தது. வேல்பாண்டியின் இலையைத் தாண்டி, ஒச்சாண்டியின் இலையைத் தாண்டி, எதிர் வரிசைக்கு நடந்து வந்து, மொக்கைச்சாமியின் இலையில் அதை வைத்தாள்.

"ஏத்தா, அது மாப்பிள்ளைக்குன்னு எடுத்து வச்சதுல்ல?" என்றாள் வேலுத்தாய்.

"இருக்கட்டும் அத்தை. எங்க மாமனுக்கு வைக்கிறேன்" என்றாள் ஜோதிகா. அந்த வீட்டில் அவள் குரல் இவ்வளவு உயர்ந்தது அன்றைக்குத்தான். வேல்பாண்டி, "வையி, வையி" என்றான் அவசரமாக. ஒச்சாண்டி அந்த எலும்பையும், அது போய்ச் சேர்ந்த இலையையும், ஜோதிகாவின் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மொக்கைச்சாமிக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் முன்னால் அழுவதற்கு அவருக்கு இஷ்டமில்லை. எனவே எலும்பைக் கையில் எடுத்து, எதிர் இலைக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி உறிஞ்ச ஆரம்பித்தார்.